லொட்டைக்குப் பேசியவள்

சகாயராஜ் இறந்த செய்தி வந்தபோது ராமாயி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் பொன்னுச்சாமி பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார். ஊசிக்கு அடியில் இருந்த டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தைக் கடைசிவரை மடித்துத் தைத்து, நூலை வெட்டி, பீஸைக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். இதைப் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அவளுக்கு அப்படிச் செய்ததே நினைவில்லை.

2007 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு அவிநாசி ரோட்டில் தண்ணீர் லாரி சகாயராஜின் மொபெட்டை இடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தெட்டு வயது.

இருவரும் ஒரே பனியன் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். ராமாயி ஓரம் மடித்து அடிக்கிற பேட்லாக் டைலர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமான மறு வருஷம் கணவன் மாதவனோடு திருப்பூருக்கு வந்தவள். சகாயராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அயர்ன் மாஸ்டர். மனைவி ஆஷா, மகள் ஜோதிகா. வாரத்தில் ஆறு நாள் அவர் நீராவிக்குள் நின்று சட்டைகளைத் தேய்த்தார், அவள் ஓரம் அடித்தாள். ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு இருவரும் ஒரு மேசைக்கு அடியில் உட்கார்ந்து கைகளைத் தூக்கிக்கொண்டு பேசினார்கள். பெருமாநல்லூர்வரை கேபிள் டிவிக்காரர் சுப்பண்ணனின் ஒயர் போன வீடுகளில் எல்லாம் பிள்ளைகள் அந்த நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பொம்மை நிகழ்ச்சி தற்செயலாக ஆரம்பித்தது. 2000ஆம் வருஷம் கம்பெனியில் ஆயுத பூஜை. மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த பிறகு ஆளாளுக்குப் பாட்டும் மிமிக்ரியும் பண்ணினார்கள். சகாயராஜ் ரிஜெக்ட் ஆன ஒரு சட்டையின் கையை வெட்டித் தன் கையில் மாட்டிக்கொண்டு, நான்கு விரலையும் கட்டை விரலையும் வாயாக்கி, கழுதைக் குரலில் சூப்பர்வைசரைப் போலப் பேசினார். சும்மா நின்றுகொண்டிருந்த ராமாயியைக் கழுதை வம்புக்கு இழுத்தது. அவளும் ஒரு துணித் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கோழியாகப் பதில் சொன்னாள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். முதலாளியின் பங்காளி சுப்பண்ணன் விருந்துக்கு வந்திருந்தார். கேபிள் டிவி நடத்துபவர், உள்ளூர் சேனல் ஒன்றும் வைத்திருந்தார். அதில் எந்நேரமும் நகைக்கடை விளம்பரமும் கோவில் கும்பாபிஷேகமும்தான் ஓடும்.

"ஏனுங்க, இதையே டிவில பண்ணிப்போடலாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

சகாயராஜ் கழுதைக் குரலிலேயே, "என்ன முதலாளி, வெளயாடுதீயளா?" என்றார்.

2001 பொங்கலுக்கு நிகழ்ச்சி தொடங்கியது. கழுதைக்கு லொட்டை என்று பெயர். சாம்பல் நிற மெலஞ்ச் துணி, போலோ சட்டைப் பொத்தான்களில் கண். கோழிக்குப் பெயர் கொண்டை. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற சிவப்பு ரிப் துணியில் அதற்குக் கொண்டை வைத்துத் தைத்தாள் ராமாயி. இரண்டு பொம்மைக்குள்ளும் அடைத்திருந்தது வெட்டிக் கழித்த துணி. கழுதை சகாயராஜின் சொந்த ஊர்த் தமிழையே பேசியது. கோழி மட்டும் இந்த ஊர்க் கோழியாக இருக்க வேண்டும் என்று சுப்பண்ணன் சொல்லிவிட்டார். ராமாயி தன் வரிசையில் இருந்த மயிலாத்தாள் பேசுவதை ஒரு மாதம் கவனித்து, "ஏனுங்க லொட்டை, ஊட்ல ஆருமில்லீங்களா?" என்று பேசக் கற்றுக்கொண்டாள்.

பழைய கட்டிங் மேசை ஒன்றின் முன்பக்கத்தை நீலத் துணியால் மூடியிருந்தார்கள். அதன் அடியில் இருவரும் சம்மணம் போட்டு உட்காருவார்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி இருக்கும். தலைக்கு மேலே தங்கள் கைகள் என்ன செய்கின்றன என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் நேரலை. பிள்ளைகள் போன் செய்வார்கள். பெயர், வகுப்பு, காலையில் என்ன சாப்பிட்டாய், லொட்டை உன்னிடம் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அது ஆறரை வருஷம் ஓடியது. சகாயராஜ் சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடித்து நேராக வந்துவிடுவார். இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாலும் வேலையைத் தவிர வேறு பேச்சு குறைவு. யாரும் தப்பாகவும் பேசியதில்லை. அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வலது முன்கையைத் தேய்த்தபடி, "வாரேன் தங்கச்சி" என்று கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை அடக்கம். ராமாயி போனாள். பெட்டிக்குள் அவருடைய வலது கை இடது கையைவிடத் தடித்திருந்ததைப் பார்த்தாள். ஆஷா ஒரு மூலையில் யார் சொல்வதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜோதிகாவுக்கு ஏழு வயது. யாரோ கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். ராமாயிக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். கல்லறையில் மண் தள்ளும்போது, ஸ்டுடியோவில் போன ஞாயிற்றுக்கிழமை ஃபேனை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. சுப்பண்ணன் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நிகழ்ச்சியை நிறுத்த மனம் வராமல், பழைய பதிவு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். பாண்டியன் நகரில் சகாயராஜ் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டு டிவியிலிருந்து லொட்டையின் குரல் சத்தமாகக் கேட்டது. "ஏ கொண்டை, என்ன செய்யுத?" ஒருத்தரும் அசையவில்லை. ஜோதிகா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், டிவி முன்னால் உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ராமாயி கோழியை மட்டும் வைத்து நிகழ்ச்சி நடத்தினாள். போன் செய்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லொட்டை எங்கே? ஊருக்குப் போயிருக்கு கண்ணு, வந்துருமுங்க என்று கோழி பதினெட்டு தடவை சொன்னது.

முடிந்ததும் சுப்பண்ணன் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஆள் ஒருத்தர பார்த்திருக்கறனுங்க. கழுத மாதிரிப் பேசறேன்னாரு. கூட்டியாரட்டுங்களா?"

"வேண்டாம். அதையும் நானே பேசுறேன்" என்றாள் ராமாயி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பேசிப் பார்த்ததுகூட இல்லை. மூன்றாம் ஞாயிறு வலது கையில் கோழி, இடது கையில் கழுதை. தொண்டையை இறுக்கி அடியிலிருந்து இழுத்து, "ஏ கொண்டை" என்றாள். வந்துவிட்டது. மூக்கால் முடிகிற அந்தக் கடைசி இழுவை உட்பட வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்ற சுப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். மேசைக்கு அடியில் ராமாயி சின்ன டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கைக்குப் பழக்கமில்லை, கழுதையின் வாய் சரியாக மூடவில்லை. அதைத்தான் கவனித்தாள்.

நான்கைந்து பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு போன் வந்தது.

"பேரென்ன?" என்றது லொட்டை.

"ஜோதிகா. பாண்டியன் நகரு. ரெண்டாங்கிளாஸ்."

ராமாயிக்கு அந்தக் குரல் தெரியும். கை தாழ்ந்தது. திரையில் கழுதை தலை குனிந்தது போல இருந்தது.

"லொட்டை, சாப்ட்டியா?" என்று ஜோதிகா கேட்டாள்.

"சாப்ட்டேன். நீ?"

"இல்ல. இனிமேத்தான்."

"போயிச் சாப்பிடு."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த பிள்ளை வந்தது, கழுதைக்கு வால் ஏன் குச்சியாக இருக்கிறது என்று கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஜோதிகா போன் செய்தாள். தெருமுனையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போன் பெட்டி இருந்தது. கணக்கில் எவ்வளவு மார்க் என்று சொன்னாள். பல் விழுந்ததைச் சொன்னாள். அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறாள், மதியம் பக்கத்து வீட்டு அக்கா சோறு போடுகிறாள் என்றாள். பேசும்போது சில சொற்கள் அப்பா ஊர்ப் பேச்சாகவும் சில சொற்கள் பள்ளிக்கூடத்துப் பேச்சாகவும் வரும். லொட்டை எல்லாவற்றுக்கும் இரண்டொரு சொல்லில் பதில் சொன்னது. ராமாயி வாரம் முழுவதும் ஓரம் அடித்தாள், சோறு பொங்கினாள், ஒன்பதாவது படிக்கும் மகளின் யூனிபார்மைத் துவைத்துப் போட்டாள். எதிலும் ருசியும் இல்லை, வலியும் இல்லை. "டாக்டர்கிட்ட காமிப்போமா?" என்று மாதவன் ஒரு நாள் கேட்டான். என்னவென்று காட்டுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

நவம்பரில், தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போனவர்கள் இன்னும் முழுதாகத் திரும்பாததால் போன்கள் குறைவாகத்தான் வந்தன. ஜோதிகா பேசினாள். வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு ரோட்டில் போகும் வண்டிகளின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டது.

"லொட்டை, எங்கப்பாவ நீ எங்கயாச்சும் பாத்தியா?"

ராமாயி வாயைத் திறந்தாள். தொண்டை இறுகவில்லை. கழுதையின் வாய் அசைய, அவளுடைய சொந்தக் குரல்தான் வெளியே வந்தது.

"இல்ல தாயி. அப்பா செத்துப் போயிட்டாக. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை" என்றாள் ஜோதிகா.

கழுதையை அத்தை என்று பிள்ளை கூப்பிட்டது ஊர் முழுவதும் கேட்டது. சுப்பண்ணன் சட்டென்று ஒரு சேலைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டார். ராமாயி இரண்டு கைகளையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். லொட்டையாகப் பேசுவது யார் என்று அந்தக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சுப்பண்ணன் மேசையைச் சுற்றி வந்து குனிந்தார். கோபப்படவில்லை, கோபப்படத் தெரியாத மனிதர்.

"ஏனுங்க அம்மிணி, கொழந்தைங்க பாக்கற புரோகிராமுங்க. அதுல போயி சாவு கீவுன்னு..."

"தெரியாம வந்துருச்சுண்ணே."

"செரி உடுங்க. நாலு போனு வந்திருச்சு, திட்டறாங்க. நான் பேசிக்கறனுங்க. இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்க, ஓட்டிப்போடலாமுங்களா?"

ராமாயி கைகளைத் தூக்கினாள். மீதி இருபது நிமிஷமும் நிகழ்ச்சி ஒழுங்காக நடந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆஷா கம்பெனி கேட்டுக்கு வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு ராமாயி அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளைத்திருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் ராமாயி நினைத்தாள். இருவரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், அட்டைப்பெட்டிகளை விரித்து உட்கார்ந்தார்கள். ராமாயி தன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினாள். ஆஷா அதைத் தொடவில்லை.

"நீங்க சொன்னது நல்லதுதான்" என்றாள் ஆஷா. "என்கிட்ட அவ அப்பாவப் பத்திக் கேக்கவே மாட்டா. கேட்டா நான் அழுவேன்னு நெனைக்கா. நான் அழுததே இல்ல. எனக்கு வரல."

"எனக்கும் வரல" என்றாள் ராமாயி.

ஆஷா ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணி ஆனா பக்கத்து வீட்டு டிவில அந்தக் குரலு வரும். நான் கொடத்த எடுத்துட்டு தண்ணி புடிக்கப் போயிருவேன். தண்ணி வராத அன்னைக்கும் பைப்புகிட்ட போயி நிப்பேன். பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவேன்."

"நிறுத்திரவா?"

"அவளுக்கு வேணும். எனக்கு வேண்டாம். என்ன செய்யன்னு தெரியல." பிறகு சட்டென்று, "எனக்காண்டி ஒருக்கா பேசிக் காட்டுவீயளா?" என்று கேட்டாள்.

ராமாயி சுற்றிப் பார்த்தாள். கேட்டுக்குள்ளே வாட்ச்மேன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் யாரும் இல்லை. வெறும் கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, "ஏ கொண்டை, என்ன செய்யுத? வெயிலு மண்டையப் பொளக்கு, நீ அங்கன நிக்க?" என்று பேசினாள். ஆஷா கண்ணை மூடிக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அவிய இப்படிப் பேச மாட்டாவ" என்றாள். "இது கழுத பேசுதது."

"ஆமா."

"வீட்டுல பேசுதது வேற. மெதுவாத்தான் பேசுவாவ. ஆஷான்னு கூப்பிட்டா பக்கத்துல நிக்கவங்களுக்குக்கூடக் கேக்காது. அது வருமா உங்களுக்கு?"

ராமாயி யோசித்தாள். ஆறரை வருஷம் காதுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். வாரேன் தங்கச்சி என்று ஒவ்வொரு வாரமும் சொன்னவர். அந்தச் சொற்கள் நினைவில் இருந்தன. சொன்ன விதம் இல்லை. எவ்வளவு தேடினாலும் கழுதைதான் வந்து நின்றது.

"வரல ஆஷா. எனக்குக் கழுத மட்டுந்தான் ஞாபகத்துல இருக்கு."

"எனக்கும் மறந்துக்கிட்டு வருது" என்றாள் ஆஷா. எழுந்து சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அவளக் கூட்டிட்டு வாரேன். நேர்ல பாக்கட்டும்."

சொன்னபடியே வந்தாள். ஆஷா ஸ்டுடியோவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். ஜோதிகா மேசைக்கு அடியில், சகாயராஜ் உட்கார்ந்த பக்கத்தில், ராமாயியை ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரமும் சத்தம் போடவில்லை. ஒரு தடவை சின்ன டிவியைப் பார்த்தாள், ஒரு தடவை அண்ணாந்து கைகளைப் பார்த்தாள், ஒரு தடவை ராமாயியின் தொண்டையைப் பார்த்தாள். கழுதை பேசும்போது அங்கே நரம்பு புடைப்பதை அவள் உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்து ராமாயி பொம்மைகளைக் கழற்றினாள். இரண்டு முன்கைகளையும் மாறி மாறித் தேய்த்தாள்.

"வலிக்குமா அத்தை?"

"வலிக்கும்."

"அப்பாவுக்கு ஒரு கைதான வலிக்கும். உங்களுக்கு ரெண்டு கையும்" என்றாள் ஜோதிகா. கழுதையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். அவள் கைக்கு அது பெரியது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சுப்பண்ணன் அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்து, "பொம்மை வேணுங்களா கண்ணு? எடுத்துக்கறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் போன் மணி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ராமாயி அந்தக் குரலை எதிர்பார்த்தாள். வேறு பிள்ளைகள் பேசினார்கள். போன் வராதது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது, சரியாகவே இல்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் தொண்டையை இறுக்கிப் பேசக் கூடாது என்றார். ராமாயி தலையாட்டினாள். அந்த ஆறு வாரமும் கம்பெனியிலும் வீட்டிலும் சைகைதான். யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

லொட்டைக்கும் கொண்டைக்கும் சேர்த்து, முன்பு பார்த்து வைத்திருந்த ஆளைச் சுப்பண்ணன் கூட்டி வந்தார். அவர் கல்யாண வீடுகளில் மிமிக்ரி செய்பவர், கெட்டிக்காரர். கழுதை இப்போது சினிமா நடிகர்களைப் போலப் பேசியது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் போன்கள் குறைந்தன. இருபத்து நான்கு மணி நேரமும் கார்ட்டூன் காட்டுகிற சேனல்கள் தமிழிலேயே வந்துவிட்டன. 2009 ஜனவரியில் சுப்பண்ணன் கேபிள் லைனைப் பெரிய ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். கடைசி நிகழ்ச்சி என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு ஞாயிறு வந்தது, அடுத்த ஞாயிறு வரவில்லை. பொம்மைகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று ராமாயி கேட்கவில்லை.

அதற்குள் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து பல கம்பெனிகளில் ஆட்களை நிறுத்தினார்கள். ஆஷா வேலை பார்த்த இடமும் மூடியது. ராமாயி பொன்னுச்சாமியிடம் சொல்லி, தன் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்த்துவிட்டாள். தைத்து வரும் பீஸ்களை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குவது ஆஷாவின் வேலை. ராமாயியின் மிஷினுக்கு நேர் எதிரே அந்த மேசை. மதியம் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஜோதிகா நாலாவது போகப்போகிறாள், சைக்கிள் கேட்கிறாள், எண்ணெய் தேய்க்க விடமாட்டேன் என்கிறாள். இப்படித்தான் பேச்சு. சகாயராஜின் பேரை இருவரும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். ஏப்ரலில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. எண்பது மிஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. ஃபேன்கள் மெல்லச் சுற்றி ஓய்ந்தன. யாரோ இருமினார்கள். ஹிந்திக்காரப் பையன்கள் இருவர் பேக்கிங் மூலையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராமாயி மிஷினில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த வெள்ளைத் துணியில் ஒரு துளி விழுந்தது. எண்ணெய் கசிகிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். இன்னொரு துளி விழுந்தது. அவளுடைய கன்னம் நனைந்திருந்தது. துக்கமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது.

எதிர் மேசையிலிருந்து ஆஷா பார்த்தாள். எழுந்து வந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கீழே கிடந்த கழிவுத் துணியில் ஒன்றைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, நனைந்த பீஸை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறை இல்ல" என்றாள். "காஞ்சிரும்."

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது.